மூடி நட்டு

"இந்த வண்டியைக் கடைசியா தொட்டது யாரும்மா?"

உண்ணாமலையை இப்படிக் கேட்டவர் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவள் கொண்டு வந்து கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஏதோ போகிற போக்கில் கேட்பதைப் போலக் கேட்டார். ஒரு வேன் வயலில் கவிழ்ந்து இரண்டு பேருக்குக் கால் முறிந்திருந்தது. அதற்கு மூன்று நாள் முன்புதான் அந்த வேன் பிரேக் ஆயில் மாற்ற அவர்களுடைய மெக்கானிக் ஷெட்டுக்கு வந்து போயிருந்தது. உண்ணாமலை பொய் பேசிப் பழகாதவள். "எங்க வூட்டுக்காரருங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவள் புருஷன் இளஞ்செழியனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டிரைவர் குடித்திருந்தான் என்பது மூன்றாம் நாள்தான் தெரிய வந்தது. செழியனை விட்டுவிட்டார்கள். நடந்தே வீடு வந்து சேர்ந்தவனின் இடது காதில் பஞ்சு இருந்தது. பஞ்சை எடுத்த பிறகும் அந்தக் காது திரும்பி வரவில்லை.

"ஒரே அறைதான்" என்றான் அவளிடம். "விடு. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. எனக்குக் காது கேக்கலன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சாலும் நம்ம பொழப்பு அன்னியோட சரி. இஞ்சினு சத்தம் கேக்காதவன்கிட்ட எவன் வண்டிய வுடுவான்? இனிமே வண்டி விஷயத்துல நீ வாய தொறக்காத. யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு."

அன்றிலிருந்து இரண்டு வருடம் உண்ணாமலை வாயைத் திறக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அதிகம் பேசாதவள்தான். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் குரல் வராமல் அழுது, எட்டாம் வகுப்போடு நின்று போனவள். ஆக, பேசாமல் இருப்பது அவளுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. ஆனால் வேறொரு வேலை தானாக வந்து சேர்ந்தது. ஷெட்டில் புருஷனுக்கு இடது பக்கமாகவே அவள் நிற்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் ஸ்பேனரைக் கீழே போடுவாள். சத்தத்துக்கு அவன் திரும்புவான். இஞ்சின் ஓடும்போது அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்து வலது காதைக் கொடுத்துக் கேட்பான். பார்த்தவர்கள், கைகாரன் என்றால் இப்படித்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், புதுசு புதுசாக வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த தெருவின் கோடியில் அவர்களுடைய ஷெட். தொண்ணூற்றேழாம் வருடம் தை மாதம் அங்கே அந்தக் கப்பல் கார் வந்து சேர்ந்தது.

கீழ்பென்னாத்தூரில் அரிசி மில் வைத்திருக்கும் ராமகிருஷ்ணனுடைய கார் அது. முப்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்க வண்டி. ஆசிரமத்துப் பக்கம் ரொம்ப காலம் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. முன்னால் நீளமான மூக்கு, பின்னால் அகலமான முதுகு, எட்டு சிலிண்டர் இஞ்சின். கதவு இரண்டே இரண்டு. பின் சீட்டுக்குப் போக வேண்டுமானால் முன் சீட்டை மடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். ஸ்டீயரிங் இடது பக்கத்தில். ரோட்டில் போனால் பசங்கள் கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடுவார்கள்.

அந்த இஞ்சினுடைய இழுப்புக்குப் பழைய ஆக்ஸில் தாங்கவில்லை. பின்சக்கரத்தைச் சுழற்றும் அந்த இரும்புத் தண்டு முறுக்கிக்கொண்டு ஒடிந்துபோனது. ஒரிஜினல் ஆக்ஸில் இந்த நாட்டில் எங்கே கிடைக்கும்? ராமகிருஷ்ணன் சென்னையில் ஒரு பட்டறையில் சொல்லி, பழையதைவிடக் கனமாகப் புதிதாக இரண்டு ஆக்ஸில் செய்து வாங்கி வந்தார். அதில் சக்கரத்தை மாட்டுகிற ஐந்து கம்பிகளும், அதாவது ஸ்டட்டுகளும், பழைய சக்கரத்து ஓட்டைகளோடு பொருந்தவில்லை. அதனால் பின்னால் புதிய அலுமினியச் சக்கரங்கள் வந்தன; பார்வைக்கு ஒத்துப்போக, முன்பக்கத்துக் கம்பிகளுக்குத் தகுந்த ஓட்டைகளோடு அதே மாதிரி இரண்டும் வந்தன. செழியன் ஐந்து நாள் உட்கார்ந்து, நடு ஓட்டையை அரம் வைத்து ராவி, டிரம் மேல் ஒட்டி உட்காரும்படி செய்தான். ஆறாம் நாள் வண்டியை ஜாக்கியில் தூக்கி, நட்டுகளை முறுக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தான். மலை மாதிரி அசையாமல் நின்றது. கலெக்டர் ஆபீஸ் ரோட்டில் நாலு தடவை ஓட்டியும் பார்த்தான். ஒரு குறையும் இல்லை.

குறை ராமகிருஷ்ணன் கண்ணில்தான் பட்டது.

"இன்னா செழியா இது? பின்னாடி கம்பி நட்டுக்கு வெளிய நீட்டிக்கினு இருக்குது? பல்லு நீட்டின பொம்பள மாதிரி!"

"புது ஆக்ஸில்ல ஸ்டட்டு நீளமா வெச்சுட்டாங்கண்ணா. நீளம் ஜாஸ்தியா இருந்தா நல்லதுதான். கம்மியா இருந்தாதான் பயம்."

"நாளன்னிக்கு எங்க அண்ணன் பொண்ணு கல்யாண ஊர்வலம் இந்த வண்டியில. ஊரே பாக்கும். பாத்துக்கறேன் இரு."

அடுத்த நாள் காலை பூஜை. ராமகிருஷ்ணன், அவர் மனைவி ஆதிலட்சுமி, ஒன்பது வயது மகள் அபிநயா மூன்று பேரும் பட்டும் பூவுமாக வந்து இறங்கினார்கள். ராமகிருஷ்ணன் கையில் ஒரு அட்டைப் பெட்டி. திறந்து காட்டினார். உள்ளே இருபது நட்டுகள். ஒரு பக்கம் மூடிய, குமிழ் வைத்த, வெள்ளிக் கிண்ணம் கவிழ்த்ததைப் போல மின்னுகிற நட்டுகள்.

"ராத்திரி பஸ்ஸுல மெட்ராஸ்லேர்ந்து வரவெச்சேன். இத்த மாட்டு. ஒன்பது மணிக்குள்ள பழம் நசுக்கணும். அதுக்கப்புறம் ராகு காலம்."

எட்டரை ஆகியிருந்தது. செழியன் தயங்கவில்லை. வண்டியைத் தூக்கக்கூட நேரமில்லை. தரையில் நின்ற வாக்கிலேயே ஒரு நட்டைக் கழற்றி அந்த இடத்தில் மூடி நட்டைப் போட்டு, ஸ்பேனர் மேல் காலால் மிதித்து, அடுத்ததற்குப் போனான். இருபதையும் இருபது நிமிடத்தில் முடித்தான். கழற்றிய பழைய நட்டுகளை ஒரு அழுக்குத் துணியில் முடிந்து டிக்கியில் போட்டான். நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளை எல்லாம் மூடி விழுங்கிவிட்டது. சக்கரங்கள் புது மாப்பிள்ளை மாதிரி பளபளத்தன.

"உண்ணாமல, பூ சுத்தும்மா" என்றாள் ஆதிலட்சுமி.

சக்கரங்களுக்குப் பொட்டு வைத்துப் பூச்சுற்றுவது உண்ணாமலையின் வேலை. வாழைநாரில் தொடுத்த சாமந்திச் சரத்தை நட்டுகளுக்குப் பின்னால் கொடுத்து, ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு வந்தாள். முன்சக்கரங்களில் நார் நட்டின் கழுத்தோடு நின்றது; உள்ளே போகவில்லை. வலது பின்சக்கரத்தில் லேசாக இடம் கொடுத்தது. இடது பின்சக்கரத்துக்கு வந்து நாரை இழுத்தபோது, அது நட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

அவள் கை நின்றது. நாரை வெளியே எடுத்து இன்னொரு நட்டில் போட்டாள். அதிலும் நுழைந்தது. மூன்றாவதிலும். நகத்தை வைத்துப் பார்த்தாள். நக நுனி நுழைகிற அளவு சந்து. முறுக்கிய நட்டுக்குக் கீழே சந்து எப்படி இருக்கும்?

எழுந்து புருஷனுக்கு வலது பக்கமாகப் போய், யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்.

"ஏங்க. பின்னாடி நட்டு சக்கரத்துல ஒட்டலைங்க. நாரு உள்ள போவுது."

"இன்னாது?"

"சந்து இருக்குதுங்க."

அவன் முகம் சுருங்கியது. ராமகிருஷ்ணன் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செழியன் ஸ்பேனரை எடுத்து வந்து அந்த நட்டில் போட்டு முழு எடையோடு அழுத்தினான். நட்டு அசையவில்லை. அடுத்ததில் அழுத்தினான். அதுவும் அசையவில்லை.

"பாத்தியா? இதுக்கு மேல முறுக்கினா கம்பி அறுந்துடும். மூடி நட்டு அப்பிடித்தான் இருக்கும். வாய மூடிக்கினு பூவ சுத்து."

அவன் அழுத்தியதை அவளே கண்ணால் பார்த்தாள். இரும்பு இரும்பாகத்தான் இருந்தது. தன் கண்ணை நம்புவதா, தன் நகத்தை நம்புவதா? அவள் பூவைச் சுற்றி முடித்தாள்.

நான்கு சக்கரத்துக்குக் கீழேயும் பழம் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். வண்டி நகர்ந்து பழங்கள் நசுங்கியதும் ஆதிலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள். "இனிமே யாரும் இரும்ப எடுத்துக்கினு வண்டிகிட்ட வராதீங்க. பழம் நசுக்கிட்டா மலைய ஒரு சுத்து சுத்தி வர்ற வரைக்கும் ஸ்பேனர் படக் கூடாது. எங்க மாமனார் மாட்டு வண்டி வெச்சிருந்த நாள்லேர்ந்து அப்பிடித்தான்."

"படாது அண்ணி" என்றான் செழியன்.

"நீயும் வா உண்ணாமல. கற்பூரத் தட்ட நீ மடியில வெச்சுக்கோ. புருஷன் ஓட்டுற கார்ல நீ குந்தலன்னா எப்பிடி?"

மறுத்துச் சொல்ல உண்ணாமலைக்கு வாய் வரவில்லை. செழியன் சீட்டை மடித்து வழிவிட்டான். அவள் குனிந்து நுழைந்து, அவனுக்கு நேர் பின்னால், இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் அபிநயா, அந்தப் பக்கம் ஆதிலட்சுமி. முன்னால் வலது பக்கம் ராமகிருஷ்ணன். சீட்டைத் திரும்ப நிமிர்த்திச் செழியன் உட்கார்ந்ததும், தனக்கென்று ஒரு கதவு இல்லை என்பது உண்ணாமலைக்கு உறைத்தது. அவளுக்குக் கீழே அந்தச் சக்கரம் இருந்தது.

ஊருக்குள் வண்டி மெதுவாகத்தான் போனது. ராஜகோபுரத்துக்கு முன்னால் நிறுத்தி, இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டார்கள். பூக்காரிகளும் ஆட்டோக்காரர்களும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இன்னா மொதலாளி, வூட்டயே ஓட்டிக்கினு வந்துட்டீங்களா?" என்று ஒருவன் கேட்க, ராமகிருஷ்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். சத்தம் எதுவும் இல்லை. உண்ணாமலை மூச்சை மெல்ல விட்டாள். நமக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டியதும் வந்தது.

டிக்.

அவள் காதில் விழுவதற்கு முன் இடுப்பில் விழுந்தது. சீட்டு வழியாக ஏறி வந்தது. ஏதோ கல் என்று நினைப்பதற்குள் இன்னொன்று. டிக். பிறகு ஒரு சீராக வர ஆரம்பித்தது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு டிக். வண்டி வேகம் குறைந்தால் அதுவும் குறைந்தது. வேகம் கூடினால் அதுவும் ஓடி வந்தது.

கற்பூரத் தட்டை அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். செழியனின் பின்னந்தலை அசையாமல் இருந்தது. இடது காது அந்தச் சக்கரத்தின் பக்கம் இருந்தது. பார்வைக்கு மற்றக் காதுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

வண்டி வலப்பக்கம் திரும்பி மலை சுற்றும் பாதைக்குள் நுழைந்தது. பௌர்ணமி இல்லாத நாள். பாதையில் ஆள் நடமாட்டமே இல்லை. இரண்டு பக்கமும் புளியமரங்கள். ஜன்னல் வழியாகக் காற்று அடித்தது. உண்ணாமலையின் முதுகு வேர்வையில் நனைந்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது.

"அம்மா, கீழ கடியாரம் இருக்குது" என்றாள் அபிநயா.

"இன்னாடி?"

"கேளேன். டிக் டிக்குனு."

ஆதிலட்சுமி காதைக் கூர்மையாக்கினாள். "பூச்சரம் அறுந்து அடிக்குது போலிருக்கு."

ராமகிருஷ்ணனும் தலையைத் திருப்பினார். "ஆமா செழியா, எனக்கும் கேக்குது. இன்னா அது?"

ஒரு கணம். ஒரே ஒரு கணம்தான் செழியன் பேசாமல் இருந்தான். உண்ணாமலை மேலே இருந்த கண்ணாடியில் அவன் கண்களைப் பார்த்தாள். கேட்காத ஒன்றைத் தேடுகிற கண்கள். பிறகு அவன் சிரித்தான்.

"அதுவாண்ணா? புது ஆக்ஸில்லு. உள்ள பல்லு படியற சத்தம். ஒரு அம்பது கிலோமீட்டர் ஓடினா தானா நின்னுடும்."

"அதானே பாத்தேன்!"

தனக்குக் கேட்காத சத்தத்துக்கு அவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் அவன் கண்கள் அவளைச் சந்தித்தன. வேண்டாம் என்றன அவை. சொல்லாதே என்றன. அந்தப் பார்வையில் மிரட்டல் மட்டும் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கெஞ்சலும் இருந்தது.

"ரோடு காலியா கெடக்குது. கொஞ்சம் அமுக்கு செழியா. எட்டு சிலிண்டரு இன்னா சொல்லுதுன்னு பாப்போம்."

"வேகமா! வேகமா!" என்று அபிநயா குதித்தாள்.

செழியன் அமுக்கினான். கப்பல் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. புளியமரங்கள் பின்னால் ஓடின. டிக் டிக் டிக் என்று எண்ண முடிந்த சத்தம் இப்போது ஒன்றோடொன்று சேர்ந்து கடகடவென்று ஆனது. உண்ணாமலைக்குக் கீழே சீட்டு இடமும் வலமுமாக லேசாக ஆடியது; தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும்போது குடம் நகருமே, அப்படி. பேச வேண்டும் என்று நினைத்தாள். பேசி ஒரு தடவை அவன் காதைப் பறிகொடுத்தது போதாதா? மறுபடி பேசினால் என்ன போகும்? பேசாவிட்டால் என்ன போகும்? அபிநயாவின் சின்னக் கை அவள் தொடைமேல் இருந்தது. கையில் மருதாணி வைத்திருந்தது குழந்தை, நாளைய ஊர்வலத்துக்காக.

ணங்!

ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு மட்கார்டின் உட்பக்கத்தில் மோதித் தெறித்தது. அவள் காலுக்கடியில் தகடு அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தாள். பின் கண்ணாடி வழியாக ரோட்டில் ஒரு வெள்ளிப் பொட்டு உருண்டு போய்ப் பள்ளத்தில் விழுவது தெரிந்தது.

செழியன் தலை அசையவில்லை.

அவள் கையை நீட்டி அவன் இடது தோளைத் தொட்டாள். அவன் தோளை உதறினான். மறுபடி தொட்டாள்.

"நி… நிறுத்துங்க." காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். "அண்ணா, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. வீலு கழலுது!"

ராமகிருஷ்ணன் திரும்பினார். "இன்னாம்மா? செழியா, உன் பொஞ்சாதி இன்னாவோ சொல்லுதே?"

"அது பயந்தாங்கொள்ளிண்ணா. ராட்டினத்துல ஏத்தினாலே ஒப்பாரி வெக்கும்."

"புதுசா கார்ல குந்தினா அப்பிடித்தான் இருக்கும்" என்று ஆதிலட்சுமி சிரித்தாள். "வாந்தி வருதாம்மா? இன்னா, ஏதாவது விசேஷமா?"

"இல்லைங்க அண்ணி. நட்டு அறுந்து வுழுந்துச்சு. நான் பாத்தேன்."

"மேஸ்திரி நான் சொல்றேன், ஒண்ணும் இல்லைண்ணா. எனக்குக் கேக்காத சத்தமா அதுக்குக் கேட்டுச்சு?"

ராமகிருஷ்ணன் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். பதினைந்து வருடமாக வண்டி பார்க்கிறவன் சொல்கிறான். பயந்துபோன ஒரு பெண் சொல்வதை யார் கேட்பார்கள்? வண்டி வேகம் குறையவில்லை. முன்னால் பாதை வளைந்தது. வளைவில் ஒருவர் இரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வண்டி வளைவுக்குள் சாயும்போது கீழே இரும்பு முனகுவதை உண்ணாமலை கேட்டாள்.

"அவருக்குக் கேக்காதுண்ணா!"

தன் குரல்தானா அது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவருக்கு இந்தக் காது கேக்காது. ரெண்டு வருசமா கேக்காது. இந்த சத்தம் அவரு காதுல வுழவே இல்ல. நீங்க கேட்டதுக்கு சும்மா ஏதோ சொன்னாரு. உங்க கொழந்த மேல சத்தியமா, நிறுத்தச் சொல்லுங்க!"

செழியனின் வலது காது ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருக்க வேண்டும். அவன் கால் மெதுவாக மேலே வந்தது. வண்டி தானாக வேகம் இழந்து, பின்பகுதி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, அடி அண்ணாமலை தொடங்குகிற இடத்தில் எல்லம்மாளின் டீக்கடைக்கு முன்னால் புழுதியில் போய் நின்றது.

செழியன் இறங்கினான். சீட்டை மடித்து அவளுக்கு வழிவிட்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்து நட்டுகளில் ஒன்று இல்லை. அந்தக் கம்பியே வேரோடு முறிந்திருந்தது. மற்ற நான்கு ஓட்டைகளும் நீள்வட்டமாகத் தேய்ந்து, சுற்றிலும் வெள்ளிப் பொடி படிந்திருந்தது. சாமந்திச் சரம் கரியாகிக் கிடந்தது. சக்கரத்தை அவன் ஒரு கையால் பிடித்து ஆட்டினான். ஆடியது.

டிக்கியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தான்.

"ஐயோ, இன்னும் சுத்து முடியல. இரும்பு படக் கூடாது" என்றாள் ஆதிலட்சுமி.

"நீ சும்மா இரு" என்றார் ராமகிருஷ்ணன். அவர் குரல் மாறியிருந்தது.

செழியன் ஒரு மூடி நட்டைக் கழற்றினான். அதை வெயிலில் தூக்கி உள்ளே பார்த்தான். மூடியின் அடியில், கம்பியின் முனை இடித்து இடித்து, கொத்தியது போல ஒரு பளிச்சென்ற தழும்பு. சுண்டுவிரலை உள்ளே விட்டு ஆழம் பார்த்தான். அந்த விரலை அப்படியே நீட்டிக்கொண்டிருந்த கம்பியின் பக்கத்தில் வைத்தான். கம்பி நீளம். மூடியின் ஆழம் குறைவு.

"கம்பியோட முனையில போயி முட்டிக்கினு நின்னிருக்குதுண்ணா" என்றான். "மூடி முட்டினதும் ஸ்பேனருக்கு டைட்டா தெரிஞ்சிருக்கு. வீலு மேல நட்டு உக்காரவே இல்ல. பழைய நட்டுக்கு மூடி இல்ல, அதுல கம்பி வெளிய வந்துடும். ஜாக்கியில தூக்கி ஆட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல."

ராமகிருஷ்ணன் நட்டை ஒரு முறை பார்த்தார். சுற்றிக்கொண்டு செழியனின் இடது பக்கம் வந்து நின்றார். தாழ்ந்த குரலில், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற அளவில், "செழியா" என்றார்.

செழியன் நட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"செழியா."

அவன் துடைத்துக்கொண்டே இருந்தான். டீ ஆற்றிக்கொண்டிருந்த எல்லம்மாள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். உண்ணாமலையின் கையில் கீழே போட ஸ்பேனர் எதுவும் இல்லை. கற்பூரத் தட்டு மட்டும்தான் இருந்தது. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அபிநயா, "அப்பா உங்களக் கூப்பிடறாரு" என்று செழியனின் வேட்டியை இழுத்த பிறகுதான் அவன் திரும்பினான். ராமகிருஷ்ணன் நிற்கிற இடத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு வருசமா எங்கூட்டு வண்டி எல்லாம் உங்கிட்டதான் வருது" என்றார் ராமகிருஷ்ணன். "கொழந்த ஸ்கூல் போற வேனு உட்பட. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அவரு கையில தப்பு இல்லைண்ணா" என்றாள் உண்ணாமலை. "அந்த மூடி நட்டு…"

"கை இல்லம்மா நான் கேக்கறது." அவர் அவளைப் பார்த்தார். "நீ சொல்லலன்னா எங்க மூணு பேரயும் பொறுக்கித்தான் எடுத்திருக்கணும். அது எனக்குத் தெரியுது. ஆனா இனிமே ஒரு வண்டிய நான் எந்த தைரியத்துல அங்க வுடறது, சொல்லு?"

அவர் செழியன் பக்கம் திரும்பினார்.

"வண்டி இங்கயே நிக்கட்டும். வேலூர்லேர்ந்து ஆள் வரச் சொல்றேன். ஊர்வலத்துக்கு வேற வண்டி பாத்துக்கலாம். சாவிய அந்தம்மாகிட்ட குடுத்துடு செழியா."

திட்டவில்லை அவர். திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் ஆறிப்போயிருக்கும். ஒரு ஆட்டோ வந்தது. ஆதிலட்சுமி ஏறுவதற்கு முன் திரும்பி வந்து, உண்ணாமலையின் கன்னத்தை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனாள். ஆட்டோ மலையை வலம் வந்தபடி ஊர்ப் பக்கம் போய்விட்டது. ராமகிருஷ்ணனின் மில்லுக்கு வருகிற லாரிக்காரர்கள், நெல் வியாபாரிகள், டிராக்டர் வைத்திருப்பவர்கள் என்று ஒவ்வொரு முகமாக உண்ணாமலையின் கண்ணில் வந்து போனது. சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

செழியன் டிக்கியிலிருந்து துணி மூட்டையை எடுத்தான். பழைய நட்டுகளில் நான்கைப் பொறுக்கினான். வண்டியை ஜாக்கியில் தூக்கி, நின்ற நான்கு கம்பியிலும் அவற்றை மாட்டி, குறுக்கும் நெடுக்குமாக முறுக்கினான். இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினான். அசையவில்லை. யாரும் ஓட்டப் போகாத வண்டி அது. ஆனாலும் இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தான். பிறகு அடுத்த பக்கத்துக்குப் போய் அந்தச் சக்கரத்தின் நட்டுகளையும் மாற்றினான். மூடி நட்டுகளை வரிசையாகப் பெஞ்சின் மேல் வைத்தான். சாவியை எல்லம்மாளிடம் கொடுத்தான்.

"டீ குடிச்சிட்டுப் போயேன்பா" என்றாள் எல்லம்மாள். "உசுரு பொழைச்சுது. அதுக்கு சாமிய கும்புடு."

அவன் கடைத் தொட்டியில் கையைக் கழுவினான். மண்ணை அள்ளித் தேய்த்து, மறுபடி கழுவினான். எண்ணெய் போன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தான். உண்ணாமலை கற்பூரத் தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவன் வலது பக்கமாகப் போய் நின்றாள்.

"ஏங்க, எனக்கு வேற வழி தெரியலைங்க. நீங்க அந்த சீட்டுல இருந்தீங்க. நீங்களும்தான போயிருப்பீங்க?"

அவள் சொன்னது அவனுக்குக் கேட்டது. கேட்டது என்று அவளுக்குத் தெரியும். தேய்த்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் அப்படியே நின்றது.

"ஏதாவது சொல்லுங்க. திட்டிடுங்க. நாலு பேரு பாக்க அடிச்சாக்கூட அடிங்க."

அவன் துண்டால் கையைத் துடைத்து, விரல் விரலாகத் துடைத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அவளைத் தாண்டி ரோட்டில் ஏறினான். ஆட்டோ போன பக்கம் போகவில்லை. வந்த வழியையே பார்த்து, புளியமர நிழலில் வேகமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் நடந்தான். வளைவு வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.